விரிப்பின் மறுமுனை

காலை ஐந்து மணிக்கு முதல் லாரி பின்வாசலுக்கு வரும். கதவைத் திறந்தால் மூட்டைகளுக்கு முன்னால் நாற்றம்தான் இறங்கும். ஆஸ்பத்திரித் துணிக்கு ஒரு நாற்றம், ஹோட்டல் துணிக்கு வேறொரு நாற்றம். பதினோரு வருஷமாக இந்தச் சலவை ஆலையில் நிற்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். இதெல்லாம் ஒரு திறமையா என்று கேட்காதீர்கள், இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மூட்டையை அவிழ்த்து, அழுக்கைத் தரம் பிரித்து, டிரம்மில் திணிக்க வேண்டும். சோடாவிலும் கொதிநீரிலும் புரண்டு ஈரமாக வெளியே வரும் விரிப்புகளை ரோலரில் கொடுக்க வேண்டும். ரோலர் என்பது உள்ளே நீராவி ஓடும் பெரிய இரும்பு உருளை. அந்தப் பக்கம் வரும்போது விரிப்பு மொடமொடவென்று இருக்கும், கை வைத்தால் சுடும். சுட்டால் சுடட்டும் என்று அதைப் பிடித்து மடிப்பதுதான் எனக்கும் நெட்டைக்கும் வேலை.

நெட்டை ஆறடிக்கு மேல். நான் அவன் மார்புக்குக்கூட எட்டமாட்டேன். "இந்த ஜோடியைப் போட்ட மேனேஜருக்குக் கண்ணு இருக்கா?" என்று முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறி, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். தரையில் பட்டால் அது மறுபடி டிரம்முக்குப் போகும். அந்தச் செலவை எங்கள் சம்பளத்தில் கழிப்பார்கள். அதனால் நெட்டை முழங்காலை மடக்கி இறங்குவான், நான் குதிகாலைத் தூக்குவேன். ஆறு வருஷத்தில் எங்கள் கையிலிருந்து ஒரு விரிப்புகூடத் தரையைத் தொட்டதில்லை.

ரோலர் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. மூலைகள் சேரும்போது மட்டும் முகத்துக்கு முகம் வருவோம். அப்போது ஒரு வாக்கியம் சொல்லலாம். அடுத்த விரிப்பில் பதில் வரும். எங்களுக்குள் ஒரு சண்டை முடிய நாற்பது விரிப்பு வேண்டும்.

அவன் கதையே அப்படித் துண்டு துண்டாக எனக்கு வந்து சேர்ந்ததுதான். கல்யாணம் முறிந்துவிட்டது. ஒன்பது வயதில் ஒரு மகள், 'குட்டி' என்பான். குட்டி அம்மாவிடம் வளர்கிறாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காலையிலிருந்து சாயங்காலம் வரை இவனோடு இருப்பாள். மாதாமாதம் ஜீவனாம்சம் கட்ட வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. "கட்டிட்டு இருக்கேன்க்கா" என்பான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டான்.

எனக்கு அவன் மேல் மரியாதை வந்ததே அந்த ஒரு வார்த்தையால்தான். என் வீட்டுக்காரனுக்கும் கோர்ட் இதே உத்தரவைப் போட்டது. இரண்டு மாதம் கட்டினான், மூன்றாவது மாதம் ஊரைவிட்டே ஓடினான். பதினாலு வருஷம் ஆகிறது. என் மகனை இந்த ரோலர் சூட்டில் நின்றுதான் ஆளாக்கினேன். பெற்ற பிள்ளைக்குக் காசு கட்டாத ஆம்பளை என் கண்ணில் படாமல் இருப்பது அவனுக்கு நல்லது.

கட்டுகிற நெட்டையின் பாடும் ஒன்றும் பெருமையாக இல்லை. அவன் அம்மாவின் ஆபரேஷனுக்காக முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஒரு பக்கம். அந்த அம்மா பிழைக்கவில்லை, முன்பணம் மட்டும் பிழைத்துக் கிடந்தது. வக்கீலுக்கும் வாடகைக்கும் வாரவட்டிக்காரனிடம் வாங்கியது இன்னொரு பக்கம். போன வருஷம் ஓவர்டைமையும் நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு பாய் அளவு இடம் அவனுக்கு. பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்தான், மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீ குடித்தான். ஞாயிற்றுக்கிழமை மகளை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்து ரயில் காட்டுவான். வேடிக்கை பார்க்கக் காசு கேட்கமாட்டார்களே! ஒரே ஒரு ஐஸ்கிரீம் வாங்கி அவள் கையில் கொடுப்பான். "உனக்கு?" என்று கேட்டால், "அப்பாவுக்குப் பல் வலி" என்பான்.

"அடுத்த தடவை அவ எனக்குப் பற்பசை வாங்கிட்டு வந்திருந்தாக்கா. சேர்த்து வெச்ச காசுல" என்றான் ஒரு நாள், மூலையோடு மூலை சேர்த்தபடி.

நான் அடுத்த விரிப்பை வெடுக்கென்று இழுத்தேன். சும்மா நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை, கையில் காகிதத்தோடு கோர்ட் ஆள் ஒருவர் உள்ளே வந்தார். அவர் படிப்பது கேட்க வேண்டும் என்று மேனேஜர் ரோலரையே நிறுத்திவிட்டார். அது ஒருத்தருக்கு மட்டும் கேட்டால் போதாதா? இருபத்துமூன்று பேருக்கும் கேட்டது. நான்கு மாத ஜீவனாம்சம் பாக்கி. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆஜராகி மொத்தத்தையும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சிறை. நெட்டை கையெழுத்துப் போட்டான். அவன் காது நுனிவரை சிவந்திருந்தது.

ரோலர் மறுபடி ஓடியது. மூலை சேர்ந்தது.

"நாலு மாசமாடா?"

விலகினோம். அடுத்த விரிப்பு வந்தது.

"நான் கட்டியிருக்கேன்க்கா."

"அப்ப கோர்ட்காரர் பொய் சொல்றாரா?"

"அவ பொய் சொல்றா."

என் வீட்டுக்காரனும் அன்றைக்கு இதே வார்த்தையைத்தான் சொன்னான். எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. "இனிமே எங்கிட்டப் பேசாதே" என்றேன். வெள்ளி முழுவதும் நூற்றுக்கணக்கான விரிப்புகள் மடித்தோம். அவன் முழங்காலை மடக்கி இறங்கினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை எங்கள் வேலைக் கோட்டுகளையும் துவைப்போம். டிரம்மில் போடுமுன் பைகளைத் துழாவுவது என் பொறுப்பு. ஒரு பேனா உள்ளே போனால் எல்லாக் கோட்டும் நீலமாகிவிடும். நெட்டையின் கோட்டு உள்பையில் தீப்பெட்டி அளவுக்கு மடித்த காகிதம் ஒன்று இருந்தது. தொட்டதுமே தெரிந்துவிட்டது, சம்பளச் சீட்டு.

எங்கள் ஆலையில் சம்பளச் சீட்டை யாருக்கும் காட்டமாட்டோம். "அடுத்தவன் சீட்டைப் பார்த்தாலோ உன் சீட்டைக் காட்டினாலோ வேலை போயிடும்" என்பது மேனேஜர் போட்ட சட்டம். அதைவிடப் பெரிய சட்டம் எங்கள் வெட்கம். யாருக்கு என்ன கடன், என்ன பிடித்தம் என்பது வெளியே தெரியக் கூடாது. வாங்கிய இடத்திலேயே மடித்து, மடித்து, இனி மடிக்க முடியாது என்ற அளவில் ஒளித்துவிடுவோம். மடிப்பதைத்தான் நன்றாகக் கற்றுவைத்திருக்கிறோமே!

பிரிக்கக் கூடாது. பிரித்தேன்.

ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சீட்டுகள், நான்கு மாதத்துக்கானவை. முன்பணப் பிடித்தம். அதற்குக் கீழே 'ஜீவனாம்சம் – கோர்ட் உத்தரவுப்படி பிடித்தம்'. நான்கிலும் இருந்தது. கடைசி வரியில் அவன் கைக்கு வந்த தொகையைப் பார்த்தேன். இதில் ஒரு மனுஷன் எப்படி ஒரு மாசம் ஓட்டினான் என்று எனக்குக் கணக்கே வரவில்லை.

அவனைப் பாய்லர் பக்கம் இழுத்துப் போனேன். "இதை ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? 'சம்பளத்துல புடிச்சாதான் இவன் கட்டுவான்'னு கோர்ட்லயே எழுதி வாங்கினவன்னு நீங்களும் நினைப்பீங்கல்ல."

"இதைக் கோர்ட்ல நீட்ட வேண்டியதுதானே?"

"மேனேஜர்கிட்டக் கேட்டேன்க்கா. 'நாங்க அனுப்பிட்டோம், உன் பொண்டாட்டி வாங்கி வெச்சுக்கிட்டு இல்லங்கறா'ன்னார். சீட்டை வெளிய காட்டினா வேலை இல்லையாம். வேலை போனா முன்பணம் மொத்தமும் அன்னிக்கே வைக்கணும். வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்." அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "காட்டினா வேலை போகும். காட்டலன்னா ஜெயில். ஜெயிலுக்குப் போனாலும் வேலை போகும். குட்டியோட கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும்க்கா. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருதான்."

அன்று மத்தியானம் வாசல் காவலர் வந்து, "நெட்டையைத் தேடி ஒரு அம்மா வந்திருக்கு" என்றார். நெட்டை நகரவில்லை. நான் போனேன்.

வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த உருவம். தோளில் நூல் துணுக்குகள், சட்டை ஓரத்தில் வரிசையாகக் குண்டூசிகள். தையல் கடையிலிருந்து எழுந்தபடியே வந்திருக்கிறாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அவரை உள்ள தள்ள நான் வரல" என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "நாலு மாசமா ஒரு காசு வரல. ஸ்கூல்ல குட்டியை வெளிய நிக்க வெச்சுட்டாங்க. கேட்டா, 'நீ வாங்கிட்டு நடிக்கற'ன்னு போன்ல கத்தறாரு. நான் நடிக்கறேனா? இதைப் பாருங்க." பையிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். கோர்ட்டிலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த வரவு சட்டென்று நின்றிருந்தது. அதற்குப் பிறகு வெறும் பக்கம்.

நான் என் இடுப்பிலிருந்து நான்கு சீட்டுகளையும் எடுத்து அந்த வெறும் பக்கத்தின் மேல் வைத்தேன்.

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்ப… இவர் சம்பளத்துல புடிச்சிருக்காங்களே?"

"புடிச்சிருக்காங்க."

"அப்புறம் காசு எங்க?"

நான் திரும்பி, ஆலையின் மாடியில் கண்ணாடி போட்ட முதலாளி அறையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அடப்பாவிங்களா! நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் கொதறிட்டு இருந்தோமே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷம் எதிரே நின்றவனை ஒரு காகிதம் படித்ததைக் கேட்டுக் கள்ளன் என்று முடிவுகட்டியவள் நான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

டீ இடைவேளையில் பாய்லர்காரரிடம் போனேன். "அண்ணே, உங்க சீட்டைக் காட்டுங்க."

"போம்மா அந்தண்டை" என்று சீறினார்.

நெட்டையின் சீட்டுகளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் பாய்லர் கதவைச் சாத்தினார். பிறகு சாவிக்கொத்தோடு கட்டியிருந்த சின்னப் பையைப் பிரித்தார். மாதாமாதம் சேமநிதிக்குப் பிடித்திருந்தார்கள். "பொண்ணு கல்யாணத்துக்கு எடுக்கலாம்னு போனேன். ஒரு வருஷமாப் பணமே ஏறலன்னாங்க. எனக்குப் படிப்பு பத்தாது, ஃபாரத்தைத் தப்பா எழுதிட்டேன் போலன்னு திரும்பி வந்துட்டேன்" என்றார். அறுபதை நெருங்கும் மனுஷர், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போல நின்றார்.

டிரம்மில் துணி போடும் பெண் தானாகவே வந்தாள். அவளுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை பிடித்தம். தவணை போய்ச் சேராததால் ஜாமீன் போட்ட அக்கா வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. கூடப் பிறந்த அக்கா எட்டு மாதமாகப் பேசுவதில்லை. "நான் கட்டறேன் கட்டறேன்னு தலையில அடிச்சு சொன்னேன், யாரும் நம்பல" என்றாள்.

இப்படியாக ஒவ்வொரு மடிப்பும் பிரிந்தது. ஒவ்வொருத்தரும் அது தன் ஒருத்தர் தப்பு என்றே நினைத்திருந்தோம். என் சீட்டிலும் சேமநிதிப் பிடித்தம் இருந்தது. நான் போய்க் கேட்டதே இல்லை. இருபத்துமூன்று பேரில் பதினாலு பேர் காட்டினார்கள். ஒன்பது பேர் முடியாது என்றார்கள். அவர்களை நான் திட்டவில்லை. அவர்களுக்கும் வெற்றுத்தாளில் கையெழுத்து இருக்கும்.

"திங்கக்கிழமை ரோலரை நிறுத்துவோம்" என்றார் பாய்லர்காரர்.

"ஆஸ்பத்திரித் துணி?" என்றான் நெட்டை. "எங்கம்மா கிடந்தது அந்த ஆஸ்பத்திரில. விரிப்பு இல்லாம வெறும் ரெக்சின் மேல கிடத்துவாங்க. அது பாவம்க்கா."

எல்லோரும் அவனைப் பார்த்தோம். இரண்டு நாளில் சிறைக்குப் போகப்போகிறவன் பேசுகிற பேச்சா இது! ஆனால் அவன் சொன்னதுதான் முடிவாயிற்று. ஆஸ்பத்திரித் துணி நேரத்துக்குப் போகும். ஹோட்டல் துணி நிற்கும்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கே வந்தோம். சனிக்கிழமையே வந்து கிடந்த ஆபரேஷன் தியேட்டர் மூட்டையில் தொடங்கி, வார்டு விரிப்பு கடைசிவரை துவைத்து, உலர்த்தி, மடித்து, எட்டரைக்கு லாரியில் ஏற்றிவிட்டோம். அவ்வளவு சுத்தமாக நாங்கள் என்றைக்கும் மடித்ததில்லை. பிறகு பாய்லர்காரர் நீராவியை அடைத்தார். டிரம்மும் ரோலரும் மெல்ல மெல்ல நின்றன. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கொட்டகையில் வெளியே காக்கை கத்துவது எனக்குக் கேட்டது.

முதலாளி ஒன்பதுக்கு வந்தார். கதவருகே மலையாகக் கிடந்த ஹோட்டல் மூட்டைகளைப் பார்த்தார்.

"என்ன இது? மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லா இருக்கு முதலாளி. கணக்குத்தான் ரிப்பேர்" என்றேன். "எங்க சம்பளத்துல புடிச்ச காசு எங்க?"

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையமர்த்தினார். கெட்டிக்காரர், கோபப்படவில்லை.

"உக்காருங்க, சொல்றேன். ஹோட்டல்காரன் ஒரு வருஷமா பில் பணம் தரல. கரண்டு, சோடா, டீசல் எல்லாம் யார் குடுக்கறது? ஆலையை மூடியிருந்தா உங்க கதி என்ன? உங்க வேலையைக் காப்பாத்தத்தான் அந்தப் பணத்தைக் கொஞ்சம் பெரட்டினேன். திருப்பிக் கட்டத்தான் போறேன்."

"எங்க வேலையைக் காப்பாத்த ஒன்பது வயசுக் குழந்தையோட காசுதான் கிடைச்சுதா?"

"நீ பேசாதே. உனக்கு எப்பவும் வாய் நீளம்."

"கை நீளறதுக்கு வாய் நீளறது பரவாயில்ல முதலாளி."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் மாறியது. நெட்டையின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "நீ எங்கிட்ட வாங்கின முன்பணம் ஞாபகம் இருக்கா? உங்கம்மாவுக்கு மருந்து வாங்கிக் குடுத்தவன் நான். இவங்க பேச்சைக் கேட்டு இந்த வாசலைத் தாண்டினா, இன்னிக்கே முழுசா வைக்கணும். யோசிச்சுக்கோ."

நெட்டை வாசலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு நிமிஷம் எனக்கே பயமாகிவிட்டது. பின்வாங்கிவிடுவானோ?

"ஞாபகம் இருக்கு சார்" என்றான். "நீங்க குடுத்ததுக்கு மாசாமாசம் நீங்களே புடிச்சுக்கிட்டீங்க. அதுல ஒரு மாசம்கூடத் தவறல. என் குட்டிக்குப் போக வேண்டியதுதான் தவறிடுச்சு. கடன்காரனா இருக்கறதுக்கு நான் வெக்கப்படல சார். எம்பொண்ணு முன்னாடி கள்ளனா நின்னேனே, அதைத்தான் தாங்க முடியல."

"அப்ப வாசலைத் தாண்டு பார்க்கலாம். தாண்டற எவனுக்கும் நாளைக்கு வேலை இல்லை."

அவர் மாடிப்படி ஏறிப்போனார். மேலே போனை எடுத்து யாருக்கோ பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எங்களுக்குப் பதிலாக வேறு ஆள் கேட்பார், இல்லாவிட்டால் போலீஸைக் கேட்பார்.

வாசலில் குட்டியின் அம்மா காத்திருந்தாள். கிழிந்து கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். சட்டை ஓரத்துக் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பதினாலு பேரின் சீட்டுகளையும் அதில் வரிசையாகக் குத்தினாள். நடுவில் நெட்டையின் நான்கும், பக்கத்தில் அவளுடைய வங்கிப் புத்தகத்தின் நகலும். கோர்ட்டுக்கு இரண்டு தெரு. அதற்கு எதிரேதான் தொழிலாளர் அலுவலகம். முதலில் கோர்ட், பிறகு அங்கே புகார் என்று பேசியிருந்தோம். நீதிபதி இதை ஏற்பாரா, இன்று சாயங்காலம் நெட்டை வீட்டுக்குப் போவானா, நாளைக்கு எங்களில் யாருக்கு வேலை இருக்கும், ஒன்றும் தெரியாது. கிளம்பும்போது முடியாது என்ற ஒன்பது பேரில் ஒருத்தி ஓடிவந்து, ஈரக் கையில் கசங்கிய சீட்டை நீட்டினாள். ஊசி தீர்ந்துவிட்டிருந்தது. அவள் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

விரிப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். வழக்கமாக மறுமுனை நெட்டையினுடையது. இன்று அவன் கோர்ட் கூப்பிடும்போது ஆஜராக வேண்டியவன், முன்னால் நடந்தான். மறுமுனையைக் குட்டியின் அம்மா பிடித்தாள். பழக்கமில்லாத கை, விரிப்பு தொய்ந்து கீழே போனது.

"தூக்கிப் பிடிம்மா! தரையில படக் கூடாது!" என்று கத்தினேன்.

நெட்டை திரும்பி வந்து, தொய்ந்த இடத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினான். இரண்டு பேரும் எத்தனையோ நாளுக்குப் பிறகு பக்கத்தில் நடந்தார்கள். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் மறுபடி சேரப்போகிறவர்களும் இல்லை. தெருமுனை திரும்பும்போது அவள்தான் பேசினாள்.

"குட்டி கேக்கச் சொன்னா. உங்களுக்குப் பல் வலி எப்படி இருக்குன்னு."

நெட்டை முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுதானா சிரித்தானா என்று என் உயரத்திலிருந்து தெரியவில்லை.

"இன்னும் இருக்குன்னு சொல்லு" என்றான். "ஆனா டாக்டர்கிட்டப் போறதுக்கு அப்பா கூட பதினஞ்சு பேர் போறாங்கன்னு சொல்லு."

கோர்ட் வாசல் தெரிந்தது. நான் குதிகாலைத் தூக்கி, விரிப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.